அணு ஆராய்ச்சிக்கு அடிகோலிய ஹோமி பாபா

மக்கள் வாழ்வு வளம்பெற ஆற்றல் வேண்டும். வயலுக்கு நீர் இறைப்பதற்கும், ஆலைகளை ஓட்டுவதற்கும், இரவில் விளக்கேற்றுவதற்கும் ஆற்றலே துணை. பண்டை நாளில் மாட்டின் வலிமையும் மனிதனின் தோள்வலிமையுமே அத்துணையாக இருந்தன. பின்னர் நிலக்கரியும் எண்ணெயும் மலையருவியும் அவ்விடத்தைப் பெற்றன. இருபதாம் நூற்றாண்டில், அணுவின் கருவில் அளவற்ற ஆற்றல் அடங்கியிருப்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். ஆயினும் அவ்வாற்றலை வெளிக்கொணர்ந்து பயன்படுத்தும் வழியை ஆராய்வதற்குப் பெரும்பொருள் வேண்டும். பல்லாண்டு உழைப்பும் வேண்டும். பயன் எந்நாளில் கிட்டும் என்று உறுதி கூறவும் இயலாது. உணவுக்கும் உடைக்கும் அல்லலுறும் மக்கள் நிறைந்த ஒரு நாட்டின் அரசாங்கம், இத்தகைய ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா? விடுதலை பெற்ற இந்தியாவின் முன் இக்கேள்வி எழுந்தது. செலவிடலாம், செலவிடவே வேண்டும் என்று எடுத்துரைத்து, அதனைச் செயலிலும் காட்டியவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

பிறப்பும் இளமையும்

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பம்பாய் நகரில், கல்வியும் செல்வமும் வாய்ந்த ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜஹாங்கீர் பாபா வழக்கறிஞர். தாயார் பெயர் மெஹர்பாய். பாட்டனார் மைசூர் அரசில் கல்வித்துறையின் தலைமை அலுவலராய் விளங்கியவர். அத்தையார், புகழ்பெற்ற தொழிலதிபரான தொராப்ஜி டாட்டாவை மணந்தவர். அத்தையின் இல்லத்துக்குச் சென்று வந்த சிறுவன் பாபா, எஃகு ஆலைகளையும் நீர்மின் நிலையங்களையும் நாட்டில் நிறுவுவது பற்றிப் பெரியோர் உரையாடியதைச் செவிமடுத்து வளர்ந்தான். வீட்டில் நல்ல நூல்கள் நிறைந்த நூலகம் ஒன்று இருந்தது. இசைத்தட்டுகளும் ஓவிய நூல்களும் இருந்தன. இவற்றின் பயனாக, விஞ்ஞானத்தில் எழுந்த ஆர்வத்தோடு கலைகளில் காதலும் அவர் உள்ளத்தில் ஒருங்கே வளர்ந்தது.

பம்பாயில் பள்ளிக் கல்வியையும் தொடக்கக் கல்லூரிக் கல்வியையும் முடித்த பாபா, 1927ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மகன் இயந்திரப் பொறியியல் பயின்று திரும்பி, ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். பாபாவின் உள்ளமோ பௌதிகத்தை நாடியது. தம் இயல்புக்கு ஏற்ற துறை பௌதிகமே என்றும், பிற துறையில் தம்மால் சிறக்க இயலாது என்றும் தந்தைக்கு அவர் பணிவோடும் உறுதியோடும் கடிதம் எழுதினார். தந்தையார் சினங்கொள்ளவில்லை, மகனின் விருப்பத்துக்கு முழுதும் இணங்கிவிடவும் இல்லை. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், மேலும் தங்கிக் கணிதம் பயிலப் பொருளுதவி செய்வதாக அவர் வாக்களித்தார். பாபா 1930ஆம் ஆண்டில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். தந்தையாரும் தம் வாக்கைக் காத்தார். 1932ஆம் ஆண்டில் கணிதத் தேர்விலும் பாபா முதல் வகுப்புப் பெற்றார். விரும்பிய துறையை அடைவதற்காக அவர் விரும்பாமல் கற்ற பொறியியல், பிற்காலத்தில் அணு உலைகளை அமைத்தபோது அவருக்குப் பெருந்துணையாயிற்று.

ஆராய்ச்சியும் புகழும்

அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் நகரின் காவென்டிஷ் ஆய்வுக்கூடம் அணு விஞ்ஞானத்தின் தாயகமாய் விளங்கியது. 1932ஆம் ஆண்டில் சாட்விக் என்பார் நியூட்ரானைக் கண்டறிந்ததும், காக்கிராப்ட், வால்ட்டன் ஆகிய இருவர் இயந்திரத்தின் உதவியால் விரைவூட்டிய துகள்களைக் கொண்டு அணுக்கருவைப் பிளந்ததும் அவ்விடத்திலேயே நிகழ்ந்தன. இத்தகைய சூழலில் பாபா ஆராய்ச்சியைத் தொடங்கினார். சூரிக் நகரில் பாலியிடமும், ரோமாபுரியில் பெர்மியிடமும் சென்று தங்கிப் பயின்றார். எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதும்போது சிதறும் முறையை அவர் கணித்துக் காட்டினார். அந்நிகழ்ச்சி இன்றும் பாபாவின் பெயராலேயே வழங்கி வருகின்றது.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாது பூமியை நோக்கி வருகின்றன. அவை காற்று மண்டலத்தில் புகும்போது திடீரெனத் துகள் மாரியாகப் பெருகுவதன் காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. பாபாவும் ஹைட்லர் என்னும் விஞ்ஞானியும் 1937ஆம் ஆண்டில் அதற்கு விளக்கம் தந்தனர். விரைந்து செல்லும் எலெக்ட்ரான் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது காமாக் கதிரை வெளிவிடுகின்றது. அக்கதிர் ஓர் எலெக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறுகின்றது. அவை மீண்டும் கதிர்களை வெளிவிட, அக்கதிர்கள் மீண்டும் துகள்களாகின்றன. ஒரு விதையிலிருந்து எழுந்த ஆலமரம் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பரவுவதைப்போல, ஒரு துகளிலிருந்து எண்ணிறந்த துகள்கள் தோன்றுகின்றன. இவ்விளக்கம் பாபாவின் புகழை உலகெங்கும் பரப்பியது.

1939ஆம் ஆண்டில் பாபா விடுமுறையைக் கழிக்க இந்தியாவுக்கு வந்தார். அப்பொழுது ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பும் வழி அடைபட்டது. பாபா பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சர் சி. வி. இராமன் பணியாற்றிய பௌதிகத் துறையில் சேர்ந்து, காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியை நடத்தலானார். 1941ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்றே. போர் முடிந்தபின் மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் அவரை மகிழ்ந்து வரவேற்றிருக்கும். ஆயினும், தாய்நாட்டில் தக்க ஆராய்ச்சி வசதிகள் இல்லையெனில் அவற்றை உண்டாக்குவதே தம் கடமை என்னும் எண்ணம் இவ்வாண்டுகளில் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஒரு கடிதமும் ஒரு நிலையமும்

1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பாபா தொராப்ஜி டாட்டா அறநிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படைப் பௌதிகத்தில் உயர்ந்த ஆராய்ச்சி நடத்துவதற்கு ஒரு நிலையம் வேண்டும் என்று அதில் அவர் வேண்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அணுவாற்றல் மின்சாரம் உண்டாக்கப் பயன்படும் என்றும், அந்நாளில் இந்தியா தனக்கு வேண்டிய வல்லுநர்களைப் பிறநாடுகளில் தேடாமல் தன் மண்ணிலேயே பெறும் என்றும் அவர் விளக்கியிருந்தார். அணுவின் ஆற்றலை உலகம் பேரழிவு வாயிலாக அறிந்தது 1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில். அதற்கு ஓராண்டுக்கும் முன்னரே, அவ்வாற்றல் மக்களுக்கு நலந்தரும் வகையைச் சிந்தித்து ஒருவர் இந்தியாவில் திட்டம் வகுத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அறநிலையத்தார் இணங்கினர், பம்பாய் அரசாங்கமும் பொருளுதவி செய்ய முன்வந்தது. 1945ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தொடங்கப்பெற்று, அவ்வாண்டு இறுதியில் பம்பாய்க்கு மாறியது. பாபா பிறந்த இல்லமே அதன் முதல் இருப்பிடமாயிற்று. இந்திய அரசாங்கத்தின் உதவி நாளடைவில் பெருகி, நிலையத்தின் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கும் நிலை உண்டாயிற்று. பெரிய கட்டடத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் ஆட்களைத் தேடும் வழக்கத்தைப் பாபா விரும்பவில்லை. தகுதி வாய்ந்த ஒருவரைக் கண்டறிந்து, அவரைச் சுற்றி ஆய்வுத் துறையை வளர்ப்பதே அவருடைய முறையாக இருந்தது.

அரசாங்கத்தின் துணை

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. பிரதமர் ஜவாஹர்லால் நேரு விஞ்ஞானத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். 1948ஆம் ஆண்டில் அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் பாபா நேருவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அணு ஆராய்ச்சியை வளர்க்கும் பொறுப்பைப் பிரதமருக்கு நேரே கட்டுப்பட்ட, அதிகாரம் வாய்ந்த ஒரு சிறு குழுவினிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகஸ்டுத் திங்களில் அணுசக்திக் குழு அமைக்கப்பெற்றது. பாபா அதன் தலைவரானார். சாந்தி சுவரூப் பட்நாகரும், தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணனும் உறுப்பினராயினர்.

1954ஆம் ஆண்டில் அணுசக்திக்கெனத் தனித்துறை ஒன்று தோன்றியது. பாபா அதன் செயலாளராகவும் நியமனம் பெற்றார். பிற துறைகளின் செயலகங்கள் டெல்லியில் இருக்க, இத்துறையின் தலைமையிடம் பம்பாயில் அமைந்தது. ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கு அண்மையிலேயே முடிவு செய்யும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. 1958ஆம் ஆண்டில் செய்த அரசாங்கத் தீர்மானம் குழுவுக்கு நிர்வாகத்திலும் நிதியிலும் விரிந்த உரிமைகளை வழங்கியது.

இவ்வேற்பாட்டை அனைவரும் ஒருமனதாய் வரவேற்றனர் என்று கூறுவதற்கில்லை. சட்டம் விவாதத்துக்கு வந்தபோதே, ஆக்க வேலைக்கான ஆராய்ச்சிக்கு இத்துணை இரகசியம் எதற்கு என்று உறுப்பினர் சிலர் வினவினர். ஆக்கத்துக்கும் அழிவுக்கும் உரிய வழிகளை அணுத்துறையில் எளிதாகப் பிரித்துக் காட்ட இயலாது என்று நேரு ஒப்புக்கொண்டார். கல்கத்தாவில் அணு ஆராய்ச்சியை வளர்த்த மேகநாத சாகா, நாடாளுமன்றத்தில் அணுசக்தித் துறையின் போக்கைக் குறை கூறினார். டாட்டா நிலையத்திலேயே கணிதப் பேராசிரியராய் இருந்த கோசாம்பி, வெயில் நிறைந்த இந்நாட்டுக்குச் சூரிய ஆற்றலே ஏற்றது என்று வற்புறுத்தினார். நிலக்கரி இருக்க அணு எதற்கு என்று கேட்டவரும் உண்டு.

இவற்றுக்குப் பாபா தந்த விடை கணக்கின் வழிப்பட்டது. இந்தியாவின் நிலக்கரி பெரும்பாலும் நாட்டின் கிழக்குப் பகுதியில் கிடைக்கின்றது. அதனை மேற்கிலும் தெற்கிலும் உள்ள தொலைநகரங்களுக்கு இரயிலில் கொண்டுசெல்லும் செலவு மிகுதி. யுரேனியமோ சிறிதளவே பேராற்றல் தரும்; ஏற்றிச்செல்லும் செலவு அதற்கு ஒரு பொருட்டன்று. ஆதலின், நிலக்கரி வயல்களுக்குத் தொலைவில் உள்ள இடங்களில் அணுமின்சாரம் விலையில் நிலக்கரி மின்சாரத்தோடு போட்டியிடக் கூடும் என்று அவர் காட்டினார். மேலும், ஆராய்ச்சியைக் காலந்தாழ்த்தித் தொடங்கும் நாடு, பின்னர் அறிவை மிகுந்த விலை கொடுத்து வாங்க நேரும் என்பதும் அவருடைய கருத்து.

மூன்று படிகள்

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. கேரளக் கடற்கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் உள்ள மோனசைட் மணலில் தோரியம் கலந்துள்ளது. ஒரு காலத்தில் அம்மணல், எரிவிளக்குகளின் வலைத்திரி செய்வதற்காக வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. 1950ஆம் ஆண்டில் மைய அரசாங்கமும் திருவாங்கூர்-கொச்சி அரசாங்கமும் கூடி அரிய மண் தாதுக்களுக்கான நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தின. ஆல்வாயில் அதன் ஆலை எழுந்தது.

ஆனால், தோரியம் தானாக எரியும் பொருளன்று. முதலில் அதனை வேறொரு யுரேனியமாக மாற்ற வேண்டும். இதற்கு 1954ஆம் ஆண்டில் பாபா மூன்று படிகள் கொண்ட திட்டத்தை வெளியிட்டார். முதற்படியில், இயற்கை யுரேனியத்தை உலையில் இட்டு மின்சாரம் பெறுவதோடு, அதில் பிறக்கும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டாம் படியில், அப்புளூட்டோனியத்தை வேக உலைகளில் இட்டால், செலவான எரிபொருளினும் மிகுந்த எரிபொருளை அவை உண்டாக்கித் தரும். அவ்வுலைகளில் தோரியத்தையும் யுரேனியம்-233 ஆக மாற்றலாம். மூன்றாம் படியில், தோரியத்தையும் அந்த யுரேனியத்தையும் கொண்டே உலைகள் இயங்கும். முதற்படியின் சாம்பலே அடுத்த படிக்கு விதையாகும் இத்திட்டம், நாட்டின் கனிவளத்தை நன்கு ஆராய்ந்து வகுத்ததாகும்.

டிராம்பேயில் எழுந்த உலைகள்

பம்பாய் அருகே டிராம்பேயில், ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலும் சூழ்ந்த இடத்தில் அணுசக்தி நிலையம் 1954ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அணுவை ஆக்கவேலைக்குப் பயன்படுத்துவது பற்றி ஐக்கிய நாடுகள் சபை ஜினீவாவில் கூட்டிய முதல் மாநாட்டுக்குப் பாபா தலைமை தாங்கினார். அதுகாறும் வல்லரசுகள் மறைத்து வைத்திருந்த செய்திகள் பல அங்கே வெளியாயின.

அதற்கு அடுத்த ஆண்டில் டிராம்பேயின் முதல் உலை உருவாயிற்று. உலையில் யுரேனிய அணு பிளக்கும்போது நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை வேறு அணுக்களைப் பிளக்க, அப்பிளவு இடைவிடாத தொடர்வினையாகின்றது. அதனைக் கட்டுக்குள் நிறுத்துவதே உலையமைப்பின் நுட்பம். எரிபொருளைப் பிரிட்டன் தந்தது. கேம்பிரிட்ஜ் நாளிலிருந்து பாபாவின் நண்பரான காக்கிராப்ட் அப்போது அந்நாட்டு அணு ஆராய்ச்சியின் முதல்வராய் இருந்தார். உலையையும் அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் இந்தியப் பொறியாளர்களே அமைத்தனர். 1956ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள் உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டை நீக்கிப் பார்த்தால், ஆசியாவில் இயங்கிய முதல் அணு உலை அதுவே. நீருக்கடியில் நீலவொளி வீசிய அவ்வுலைக்கு நேரு அப்சரா என்று பெயர் சூட்டினார்.

1960ஆம் ஆண்டில் கனடாவின் உதவியோடு 40 மெகாவாட் வெப்ப ஆற்றலுள்ள பேருலை ஒன்றும், அடுத்த ஆண்டில் ஜெர்லீனா என்னும் சிற்றுலையும் இயங்கின. ஆள் பற்றாக்குறை நேராதபடி 1957ஆம் ஆண்டிலேயே டிராம்பேயில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் அப்பள்ளியிலிருந்து வந்தவர்களே பிற்காலத்தில் துறையின் தூண்களாயினர். உலைகளில் உண்டாக்கிய கதிரியக்கப் பொருள்கள் மருத்துவமனைகளுக்குச் சென்று புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைபுரிந்தன. கதிர்களின் உதவியால் நிலக்கடலை முதலியவற்றில் புதிய வகைகளையும் டிராம்பே விஞ்ஞானிகள் பின்னர் உண்டாக்கினர்.

பண்பும் மறைவும்

பாபா மணம் செய்துகொள்ளவில்லை. ஓவியம் வரைவதிலும் மேலைநாட்டு இசையைக் கேட்பதிலும் ஓய்வுநேரத்தைக் கழித்தார். ஆராய்ச்சி நிலையத்தின் சுவர்களை இந்திய ஓவியர்களின் படைப்புகளால் அழகு செய்தார். கட்டடத்துக்கு இடையூறாக நின்ற மரங்களை வெட்ட அவர் மனம் இசைந்ததில்லை. அவற்றை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்தார். அழகற்ற இடத்தில் உயர்ந்த சிந்தனை தழைக்காது என்பது அவர் கொள்கை.

1966ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மறைந்த துயரத்தில் நாடு ஆழ்ந்திருந்தது. அத்திங்கள் 24ஆம் நாள், சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் கூட்டத்துக்காக வியன்னா நோக்கிப் பாபா பயணம் செய்த விமானம், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு அப்பொழுது வயது ஐம்பத்தாறு. அடுத்த ஆண்டில் டிராம்பே நிலையம் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயர் பெற்றது.

பாபாவின் பணி

பாபா தொடங்கிவைத்த தாராப்பூர் மின்நிலையம் 1969ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. கல்பாக்கத்தில் இந்தியர் தாமே அமைத்த உலை 1984ஆம் ஆண்டிலும், வேக உலை ஒன்று 1985ஆம் ஆண்டிலும் இயங்கலாயின. ஆனால் அவர் எண்ணியவையெல்லாம் எண்ணியபடி நிறைவேறவில்லை. 1980ஆம் ஆண்டளவில் 8,000 மெகாவாட் அணுமின்சாரம் கிடைக்கும் என்று அவர் மதிப்பிட்டிருந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த மின் உலைகள் தாராப்பூரில் இரண்டும் ராஜஸ்தானத்தில் ஒன்றுமே. 1974ஆம் ஆண்டில் இந்தியா நடத்திய அணுவெடிச் சோதனைக்கு டிராம்பேயின் பேருலையில் பிறந்த புளூட்டோனியம் பயன்பட்டது. அதன் விளைவாகக் கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. ஆக்கத்தையும் அழிவையும் பிரிப்பது அரிது என்று 1948ஆம் ஆண்டில் எழுந்த கவலை பொய்யன்று என்பதை இது காட்டிற்று. அணுக்கழிவைக் காக்கும் பொறுப்பும் பாதுகாப்புப் பற்றிய அச்சமும் பின்வந்தோர்க்கு உரிய கேள்விகளாயின. அண்மை ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே அணுவிலிருந்து கிடைக்கின்றது.

எனினும், உதவி நின்றபோது ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பிறர் தர மறுத்ததைத் தாமே செய்துகொள்ளும் அறிவும் பயிற்சியும் பெற்ற ஆயிரக்கணக்கானோர் அப்போது இந்நாட்டில் இருந்தனர். 1944ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் பாபா வாக்களித்தது இதுவேயாகும். அரசாங்கம் ஆராய்ச்சிக்குச் செலவிடும் பொருள் உழவன் நிலத்தில் இடும் விதை போன்றது. மழை பொய்ப்பதும் விளைச்சல் குறைவதும் உண்டு. ஆயினும் விதைக்காத நிலம் எந்நாளும் விளைவதில்லை. இவ்வுண்மையை அரசினர்க்கு உணர்த்தி, விதைத்த நிலத்தைத் தம் வாழ்நாள் முழுதும் காத்துநின்றவர் ஹோமி பாபா. அவர் விட்டுச்சென்ற பணியை, அதன் நலத்தையும் இடரையும் சீர்தூக்கி நடத்துவது அவருக்குப் பின்வந்தோர் கடனாகும்.